கொண்டை ஊசிகளுக்கு நடுவே சைடு வாங்குவது: மலைப்பாதைக்குப் புதிதாக பைக்கில் வருபவர்களுக்கு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மலைகளில் பைக்குகள் சாரைசாரையாக ஏறும். ஸ்ப்ளெண்டரில் கணவன் மனைவி குழந்தை, ஆக்டிவாவில் கல்லூரிப் பையன்கள், பத்துப் பதினைந்து புல்லட்டுகள், அவற்றின் பின்னாலேயே பொறுமையில்லாத 400 சிசி வண்டிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ரோடு. ஒருவரை ஒருவர் முந்தாமல் மலை ஏற முடியாது.

சமவெளியில் பல வருடம் ஓட்டிய பழக்கம் இங்கே அவ்வளவாக உதவாது, சில சமயம் கெடுக்கவும் செய்யும். கீழே நான்குவழிச் சாலையில் முறுக்கினால் போதும், முந்திவிடலாம். மலையில் முதலில் இடம் வேண்டும். இடம் இல்லாதபோது எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தும் பயனில்லை. இடம் இருந்தால் 125 சிசி வண்டியே தாராளம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

முன்னால் ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறார், நீங்கள் 55-இல் முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15 கி.மீ., அதாவது நொடிக்குச் சுமார் 4 மீட்டர். அவருக்கு 15 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, 15 மீட்டர் முன்னால் போய் இடப்பக்கம் சேர வேண்டும். இரண்டு வண்டிகளின் நீளத்தையும் சேர்த்தால் 34 மீட்டர். இதற்கு 8 நொடி ஆகும். அந்த 8 நொடியில் நீங்கள் 125 மீட்டர் ஓடிவிடுவீர்கள். எதிரே 50-இல் வரும் கார் அதே நேரத்தில் 115 மீட்டர் வந்துவிடும். ஆக, 240 மீட்டர் காலியாக இருந்தால்கூட மயிரிழையில்தான் தப்பிக்கிறீர்கள். கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டுமென்றால் 300 மீட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கொல்லிமலையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே அத்தனை நேர்ரோடு கிடைப்பது அரிது.

இதே கணக்கை மெதுவான வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். மூட்டை ஏற்றிய மொபெட் 15-இல் திணறிக்கொண்டு ஏறுகிறது, நீங்கள் 40. வித்தியாசம் நொடிக்கு 7 மீட்டர், 5 நொடியில் வேலை முடிந்துவிடும். எதிரே வருபவரும் 40-இல் வந்தால் 110 மீட்டர் போதும், ஒதுக்கத்தோடு 150 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு மலையில் அங்கங்கே கிடைக்கும். அதனால் மலையில் முந்த வேண்டியது திணறுகிறவர்களை மட்டும்தான். உங்களைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிறவரை விட்டுவிடுங்கள். அவர் பின்னாலேயே போனால் உச்சிக்கு நான்கைந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவே.

நீளத்தைப் போலவே அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வழி ரோடு 7 மீட்டர் அகலம். மலையில் பல இடங்களில் 5.5 மீட்டர்தான் இருக்கும். பஸ்ஸின் அகலம் சுமார் 2.6, பைக்கின் ஹேண்டில் 0.8. நீங்கள் ஒரு பைக்கை முந்தும்போது எதிரே பஸ் வந்தால் 2.6 + 0.8 + 0.8 = 4.2 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 1.3 மீட்டர். அதை இடது ஓரத்துக்கும் முதல் பைக்குக்கும் நடுவே, பைக்குக்கும் பைக்குக்கும் நடுவே, பைக்குக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, பஸ்ஸுக்கும் அதன் ஓரத்துக்கும் நடுவே என்று நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சாண் சொச்சம். ‘மூணு வண்டியும் போயிடலாம்’ என்று தோன்றுகிற நேரத்தில் உண்மையில் இருப்பது இந்த ஒரு சாண்தான்.

ஏறுவதற்கு முன்

டயர் காற்றை ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி வையுங்கள். ஆள் ஏற்றினால் பின் டயருக்குத் தனி அளவு உண்டு. கண்ணாடி இரண்டும் வேண்டும், அதுவும் உங்கள் முழங்கையைக் காட்டாமல் ரோட்டைக் காட்ட வேண்டும். செயின் தொய்வாக இருந்தால் ஆக்சிலேட்டரைத் திருகிய கணம் வண்டி ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் கிளம்பும். முந்தும் நேரத்தில் அந்த வெட்டு ஆளைத் தடுமாற வைக்கும்.

பின்னால் உட்காருபவரிடம் அடிவாரத்திலேயே ஒன்று சொல்லிவிடுங்கள்: முந்தும்போது போன் எடுக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, ஓட்டுபவர் சாயும் பக்கம் கூடவே சாய வேண்டும். 60 கிலோ எடை பின்னால் ஒரு பக்கமாக நகர்ந்தால் சின்ன வண்டியின் போக்கே மாறிவிடும்.

100 சிசி வண்டியில் இருப்பது சுமார் எட்டுக் குதிரைத்திறன். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் முழுக்க முறுக்கி ஏறும்போது முந்துவதற்கென்று மிச்சம் எதுவும் இருக்காது. அந்த வண்டியில் வருபவர் ஏற்றத்தில் முந்த நினைக்கவே வேண்டாம். சைடு கொடுத்து ஏறுவதே அவர் வேலை.

பின்தொடரும் இடம்

மலையில் முந்தத் தெரியாதவரை, அவர் முன்வண்டிக்குப் பின்னால் எங்கே நிற்கிறார் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். முன்வண்டியின் நம்பர் பிளேட்டில் மூக்கை ஒட்டிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரிவது முன்னவரின் முதுகு மட்டும். ரோடு தெரியாது, குழி தெரியாது, எதிரே வருவது தெரியாது. முன்னவர் பிரேக் போட்டால் இவருக்கும் பிரேக் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. வேகமும் போய்விடும், அதை ஏற்றத்தில் மறுபடி சேர்க்க வேண்டும்.

இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். முன்வண்டி ஒரு தடுப்புக் கல்லைத் தாண்டும்போது நிதானமாக ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணி முடிக்கும்போதுதான் நீங்கள் அதே கல்லுக்கு வர வேண்டும். ஈரத்தில் நாலு வரை எண்ணுங்கள். நேர் பின்னால் வராமல் கொஞ்சம் வலது ஒதுங்கி, அவர் வலப்பக்கக் கண்ணாடியில் உங்கள் ஹெட்லைட் தெரிகிற இடத்தில் வாருங்கள். கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால் அவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். மலைக்கு வரும் வண்டிகளில் பாதிக்குக் கண்ணாடி மடங்கித்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நீங்கள் பின்னால் வருவதே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

அங்கிருந்தபடி ஆளைப் படியுங்கள். தலை பள்ளத்தாக்குப் பக்கம் அடிக்கடி திரும்புகிறதா? வியூ பாயிண்ட் தேடுகிறார், எந்த நொடியும் நிறுத்துவார். பின்னால் இருப்பவர் கையை நீட்டி எதையோ காட்டுகிறாரா? அதே கதைதான். வளைவுக்கு நடுவில் பிரேக் விளக்கு எரிந்தால் அவர் புதியவர், அடுத்த வளைவில் அகலமாக வலது பக்கம் ஓடிவிடுவார். ஏற்றத்தில் அவர் வண்டி சத்தம் திடீரென்று மாறி ஒரு துள்ளு துள்ளினால் கியர் தப்பிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நீங்கள் இருக்கக் கூடாது.

மேலே பாருங்கள்

கொண்டை ஊசிப் பாதையில் சமவெளியில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. இன்னும் ஐந்து நிமிடம் கழித்துப் போகப்போகும் ரோடு இப்போதே தலைக்கு மேல் தெரியும். வளைவில் திரும்புவதற்கு முன் மரங்களின் இடைவெளியில் மேல் அடுக்கை ஒரு முறை பாருங்கள். ஒரு பஸ்ஸும் ஒரு காரும் இறங்குவது தெரிகிறதா? அவை இரண்டும் உங்களைக் கடந்து கீழே போகும் வரை மனதில் எண்ணிக்கொண்டே வாருங்கள். கார் கடந்துவிட்டது, பஸ் இன்னும் வரவில்லை என்றால் அடுத்த வளைவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ரோடு எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் அந்தப் பஸ் வரும்வரை வெளியே வராதீர்கள். உள்ளூர்க்காரர்கள் யோசிக்காமலே இப்படி எண்ணுவார்கள். புதியவர் இரண்டு மூன்று வளைவுகள் பழகினால் பிடிபட்டுவிடும்.

இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பாறையில் விழுந்து நகர்வதை வைத்து இதையே செய்யலாம்.

மேல் அடுக்கு தெரியாத இடத்தில், ரோட்டின் இரண்டு ஓரமும் ஒன்றாகச் சேர்வதுபோல் தோன்றும் புள்ளியைக் கவனியுங்கள். நீங்கள் போகப் போக அதுவும் விலகிப் போனால் ரோடு விரிகிறது. அசையாமல் நின்றால் வளைவு இறுகுகிறது, முந்தும் எண்ணத்தை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நடுக்கோட்டைத் தொடாத அளவுக்குக் கொஞ்சம் வலது ஒதுங்கினால் தூரம் தெரியும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் இடது ஓரமே நல்ல பார்வை தரும். வலது வளைவில் வண்டி சாயும்போது டயர் கோட்டுக்குள் இருந்தாலும் தலையும் தோளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். எதிரே லாரி வந்தால் அவைதான் முதலில் இடிபடும்.

முந்தும் வரிசை

1. வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த பிறகு பாருங்கள். தேவையான தூரம் காலியாக இருக்கிறதா, வலப்பக்கம் டீக்கடை, வியூ பாயிண்ட், எஸ்டேட் பாதை பிரிகிறதா என்று. பிரிந்தால் முன்னவர் இண்டிகேட்டர் போடாமலே அங்கே திரும்பக்கூடும். காத்திருங்கள்.

2. ஒரு கியர் இறக்குங்கள். முன்னவருக்குப் பின்னால் இருக்கும்போதே இறக்க வேண்டும், பக்கத்தில் போன பிறகு அல்ல. முறுக்கியவுடன் இழுக்கிற கியராக இருக்க வேண்டும்.

3. கண்ணாடி, பிறகு வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. உங்களுக்குப் பின்னால் வருபவர் அதே இடத்தில் உங்களை முந்த ஆரம்பித்திருக்கலாம். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

4. வலது இண்டிகேட்டர். ஒரு சின்ன ஹாரன். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால் லைட்டைக் கண்டு முன்னவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பாஸ் சுவிட்சை ஒரு முறை தட்டுங்கள். ஹாரனை அழுத்திப் பிடித்தால் அவர் பதறி வலது பக்கம் விலகுவார். இடது பக்கம்தான் விலகுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

5. அவர் தெரிந்துகொண்டார் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். தலையசைப்பு, கொஞ்சம் இடது ஒதுங்குதல், எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் இன்னொரு ஹாரன். அதற்கும் இல்லையென்றால் அடுத்த நேர்ரோடு.

6. வெளியே வாருங்கள். வண்டியை நிமிர்த்தி வைத்தே நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். கோட்டின் பெயிண்டும் ரோட்டில் பதித்த ரிஃப்ளெக்டரும் ஈரத்தில் சோப்புபோல வழுக்கும். சாய்ந்தபடி அதன்மேல் ஏறினால் டயர் நழுவும்.

7. இரண்டு ஹேண்டில்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். அவர் ஒரு குழிக்காகத் திடீரென்று விலகினாலும் இடிக்காத அளவு. பக்கத்தில் இருக்கும் நேரம் குறையக் குறைய நல்லது, அங்கே அவரைப் பார்த்துச் சிரிப்பது, கை காட்டுவது எல்லாம் வேண்டாம்.

8. இடக்கண்ணாடியில் அவர் வண்டி முழுதாகத் தெரிந்த பிறகு இடது இண்டிகேட்டருடன் உள்ளே வாருங்கள். உள்ளே வந்ததும் பிரேக் பிடிக்காதீர்கள். அடுத்த வளைவு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அது முந்தும் இடமே இல்லை. இண்டிகேட்டரை நிறுத்துங்கள், பெரும்பாலான பைக்குகளில் அது தானாக நிற்காது.

ஆறாவது படி வரை எந்த நேரமும் பின்வாங்கலாம். பாதி வழியில் எதிரே வண்டி தெரிந்தால் பிரேக் பிடித்துப் பழைய இடத்துக்கே திரும்புங்கள். இன்னும் முறுக்கித் தாண்டிவிடலாம் என்று அந்த நொடியில் கை துடிக்கும். நீங்கள் வெளியே வந்ததும் பின்னால் வருபவர் உங்கள் இடத்தை நிரப்பிவிட்டால் திரும்ப முடியாது. அதனால்தான் மூன்றாவது படி.

கூடாத இடங்கள்

கொண்டை ஊசிக்குள் எப்போதும் கூடாது. மேடு ஏறி மறையும் இடம், குறுகிய பாலம், நடுக்கோடு உடையாமல் தொடர்ச்சியாகப் போகும் இடம், மூடுபனி, குரங்குக் கூட்டம் ரோட்டில் இருக்கும் இடம் எல்லாம் அதே வகை. வால்பாறைப் பாதையில் ஒன்பதாவது வளைவை ஒட்டி வரையாடுகள் ரோட்டில் நிற்கும். அவற்றைப் பார்க்க நிறுத்திய பைக்குகளும் ஆட்களும் பாதி ரோட்டை அடைத்திருப்பார்கள். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற வேகம் போதும்.

வளைவுக்கு அப்பால் ரோடு தெரியாத இடத்தில் முந்துவது சட்டப்படியும் குற்றம்தான். ஆபத்தாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் வழக்கு வந்தால் முதல் முறைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வளைவில் பஸ்

கொண்டை ஊசியில் பஸ் திரும்புவதை ஒரு முறை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். முன் சக்கரம் ரோட்டின் வெளி விளிம்பு வரை போகும், பஸ்ஸின் மூக்கு அதையும் தாண்டித் தடுப்புச் சுவருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நேரம் பின் சக்கரம் உள் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு வரும். வெளிப்பக்கம் ஒரு காலி இடம் இருப்பதுபோல் தோன்றும், உள்பக்கமும் தோன்றும். இரண்டு இடமும் அடுத்த மூன்று நொடியில் இல்லாமல் போய்விடும். ஏறும் பஸ்ஸின் பின்னால் இருந்தால் வளைவுக்கு 15, 20 மீட்டர் கீழேயே நின்றுவிடுங்கள். ஏற்றத்தில் அது கியர் மாற்றும்போது ஒரு அடி பின்வாங்கவும் செய்யும். பஸ் திரும்பி நேரானதும் டிரைவரே இடது ஒதுக்கிக் கை காட்டினால் போகலாம், உங்கள் கண்ணாலும் ஒரு முறை பார்த்துவிட்டு.

இந்தக் கை காட்டலையும் இண்டிகேட்டரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘நான் வலது திரும்புகிறேன்’ என்றும் இருக்கலாம், ‘எதிரே வண்டி வருகிறது, முந்தாதே’ என்றும் இருக்கலாம், வெளிமாநில வண்டியானால் ‘போ’ என்றும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே விளக்கு.

இறக்கம்

குறுகிய மலைப்பாதையில் ஏறுபவருக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஓரம் கட்டி நிற்க வேண்டும் என்பது விதி. நின்ற பாரவண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம். இறக்கத்தில் முந்துவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. முந்திய பிறகு சேர்ந்துவிட்ட வேகத்தைக் குறைக்க ஏற்றத்தைவிட அதிக தூரம் வேண்டும், அடுத்த வளைவு அந்தத் தூரத்தைத் தராது. ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு குறைவு என்பதால் பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். பிரேக் ஷூ கருகும் வாசனை முன்னால் வந்தால் அந்த ஸ்கூட்டருக்கு இன்னும் இடைவெளி விடுங்கள். உங்கள் வண்டியிலிருந்து வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். கியர் வண்டியை நியூட்ரலில் உருட்டுவது வேண்டவே வேண்டாம்.

சைடு கொடுப்பது

பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார் என்றால் அதே கோட்டில், அதே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். அவர் பக்கத்தில் வரும்போது முறுக்குவது விதிப்படியே தவறு. தார் முடியும் விளிம்புக்கு வெளியே இறங்கவும் வேண்டாம். மழை அடித்து வந்த ஜல்லியும் மண்ணும் அங்கே கிடக்கும், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் உயரம்கூட இருக்கும். அகலமான இடம் வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டுக் கொஞ்சம் தளர்த்துங்கள். பின்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் ஒரு வியூ பாயிண்டில் நிறுத்தி மொத்தக் கூட்டத்தையும் அனுப்பிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

கூட்டமாகப் போனால்

நான்கு பைக்குகள் 15 மீட்டர் இடைவெளியில் போகும் வரிசையை ஒரே மூச்சில் முந்த, மேலே சொன்ன 15 கி.மீ. வித்தியாசத்தில் 20 நொடி ஆகும், 300 மீட்டருக்கு மேல் எதிர்ப்பக்கத்திலேயே ஓட வேண்டும். மலையில் அது நடக்காது. ஒவ்வொருவராக முந்தி, நடுவில் உள்ள இடைவெளியில் சேர்ந்து, அடுத்த நேர்ரோட்டுக்குக் காத்திருக்க வேண்டும். வரிசையில் போகிறவர்கள் அந்த இடைவெளியை மூடிக்கொள்ளாமல் விட வேண்டும்.

உங்கள் கூட்டம் இன்னொரு வண்டியை முந்தும்போதும் ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்து முந்த வேண்டும். முதல் ஆள் போனதைப் பார்த்து இரண்டாம் ஆள் போனால், முதல் ஆளுக்கு இருந்த காலி ரோடு இரண்டாம் ஆளுக்கு எட்டு நொடி பழசு. முதலில் முந்தியவர் உள்ளே வந்ததும் ‘பசங்க வர்றாங்களா’ என்று தளர்த்துவார். அங்கேதான் இடிபாடு நடக்கிறது. பின்னால் வருபவர் சேர இடம் இருக்காது. முந்தியவர் அதே வேகத்தில் இன்னும் 50, 60 மீட்டர் போய் இடம் விட வேண்டும். பிரிந்துபோனவர்கள் எங்கே சேர்வது என்பதை அடிவாரத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு எண் பலகை இருப்பதால் ‘முப்பதாவது வளைவு தாண்டி முதல் டீக்கடை’ என்றாலே போதும்.